1997 ஜிப்ஸி கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்: ஜிஎல்-4ஆ, ஜிஎல்-5ஆ?

கோத்தகிரிஜிப்ஸி (கேள்வி)

வணக்கம். வண்டி 1997 மாருதி ஜிப்ஸி கிங், 1.3 கார்புரேட்டர் இன்ஜின், 5 ஸ்பீடு கியர்பாக்ஸ். போன சர்வீஸில் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் நான்கிலும் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, ஒரே டிரம்மிலிருந்து 85டபிள்யூ-140 ஜிஎல்-5 ஊற்றியிருக்கிறார்கள். "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது, சத்தம் குறையும்" என்றார்கள். சத்தம் குறைந்தது உண்மைதான்.

ஆனால் காலையில் முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. லிவரை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால்தான் உள்ளே போகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகு இந்த இறுக்கம் போய்விடுகிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்கினால் கரகரவென்று சத்தம். சர்வீஸுக்கு முன்பு இந்தச் சத்தம் இல்லை.

கியர்பாக்ஸில் ஜிஎல்-5 இருப்பதுதான் காரணமா? சரியான ஆயில் எந்த நம்பர், எத்தனை லிட்டர்? இன்ஜின் ஆயிலே ஊற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார். பழைய ஆயில் முழுக்க வெளியேற மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டுமா?

---

பல்சக்கரம்

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. குளிரில் கியர் விழ மறுப்பது ஆயிலின் கெட்டித்தன்மையால். சூடான பிறகும் இறக்கும்போது கரகரப்பது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் ரசாயனத்தால். தடிமனுக்குக் குறி 85டபிள்யூ-140. ரசாயனத்துக்குக் குறி ஜிஎல்-5. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத அளவுகோல்கள். 75டபிள்யூ-90-இல் ஜிஎல்-4-உம் உண்டு, ஜிஎல்-5-உம் உண்டு. கடையில் "90 ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் பாதி விவரம்தான் சொல்லியிருக்கிறோம்.

சிங்க்ரோ ரிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். கியரில் வழவழப்பான எஃகுக் கூம்பு ஒன்று இருக்கிறது. அதன்மேல் பித்தளை ரிங் வந்து உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும் வரை ரிங்கின் பற்கள், கியரைப் பூட்டும் வளையமான ஸ்லீவை உள்ளே விடாமல் தடுக்கும். லிவரில் நீங்கள் உணரும் இறுக்கம் அதுதான். ரிங்கின் உட்புறத்தில் மரை போல மெல்லிய வரிகள் வெட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் ஆயில் படலத்தை வழித்துத் தள்ளி, பித்தளை எஃகைப் பிடிக்க விடுவது அவற்றின் வேலை. ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் விலக நேரமாகிறது, அதனால் தடுப்பும் நீள்கிறது. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் படலம் விலகியும் பிடிப்பு கிடைக்காது. வேகம் சமமாகாமலேயே நீங்கள் லிவரைத் தள்ளிவிடுகிறீர்கள், பல்லோடு பல் மோதிக் கரகரக்கிறது.

ஜிஎல்-5 ஏன் அப்படி என்றால், அது கியர்பாக்ஸுக்காக வந்த தரமே இல்லை. ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன்-பினியன் பற்சக்கர ஜோடி ஹைப்பாய்டு வகை. பினியனின் மையம் கிரவுனின் மையத்தைவிடத் தள்ளி இருப்பதால் பற்கள் உருள்வதோடு நில்லாமல் நீளவாக்கில் கடுமையாக வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் தாங்காது. அதற்காகவே கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்களைத் தாராளமாகக் கலக்கிறார்கள். சூட்டில் அவை எஃகோடு வினைபுரிந்து ஒரு காப்புப் பூச்சாகின்றன. ஜிஎல்-4-இல் இதே வகைச் சேர்மங்கள் ஏறக்குறைய பாதி அளவுதான். ஜிப்ஸி கியர்பாக்ஸின் உள்ளே ஹைப்பாய்டு எதுவும் இல்லை, முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாம் சாய்பல் சக்கரங்கள். ஜிஎல்-5-இன் அந்தக் கூடுதல் பாதி அங்கே யாருக்கும் உதவாமல் ரிங்கின் பிடிப்பை மட்டும் கெடுக்கிறது.

கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜிஎல்-4, 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. ஆக்ஸில் இரண்டுக்கும் ஜிஎல்-5. இதை மாற்றிப் போடக்கூடாது. ஜிஎல்-4-ஐ ஆக்ஸிலில் ஊற்றி மலையேறினால் கிரவுன்-பினியன் சீக்கிரமே அரித்துப்போகும்.

கோத்தகிரிக் குளிருக்கு 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் என் தேர்வு. 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரிக்கும் 80டபிள்யூ மைனஸ் 26-க்கும் வகுத்த தரம். நம் ஊரில் அந்தக் குளிர் வரப்போவதில்லை. நமக்கு முக்கியம் 10 முதல் 40 டிகிரி வரை ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. 40 டிகிரியில் 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் 100 சென்டிஸ்டோக்ஸை (கெட்டித்தன்மையின் அலகு) ஒட்டி இருக்கும். மினரல் 80டபிள்யூ-90 என்றால் 140-ஐ ஒட்டி. உங்கள் 85டபிள்யூ-140 அதே சூட்டில் 350-ஐத் தாண்டும். காலை 10 டிகிரியில் இந்த இடைவெளி இன்னும் விரியும். சத்தம் குறைந்ததற்கும் இதே கெட்டித்தனம்தான் காரணம். பேரிங் தேய்மானத்தை அது மறைக்கிறது, சரிசெய்யவில்லை.

---

கிளட்ச்கேபிள்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஆயில் வாங்குவதற்கு முன் கிளட்ச் சரியாக விடுகிறதா என்று பாருங்கள். ஜிப்ஸியில் கிளட்ச் கேபிள் வகை. கேபிள் இழுபட்டோ, ஃப்ரீ ப்ளே (பெடலின் வெற்று அசைவு) அதிகமாகியோ இருந்தால் பெடலை முழுக்க மிதித்தாலும் பிளேட் முழுசாக விடுபடாது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் சிங்க்ரோ அந்தச் சுழற்சியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

சோதனை எளிது. சமதளத்தில் இன்ஜினை ஐடிலில் விட்டு, நியூட்ரலில் கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் அது பொய் சொல்லாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரி. ஐந்து விநாடி காத்தும் கரகரத்தால் முதலில் கேபிளைச் சரிசெய்யுங்கள். கேபிள் சரியாக இருந்தும் கரகரத்தால் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும், ஃப்ளைவீலில் இருக்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். அது கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும்.

இன்னொன்று. ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை கரைந்தே போய்விடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். அது பாதி உண்மை. ஆயில் செம்பை எவ்வளவு அரிக்கிறது என்பதற்கு ஏஎஸ்டிஎம் டி130 என்றொரு சோதனை இருக்கிறது. மெருகேற்றிய செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில் 3 மணி நேரம் வைத்து, நிற மாற்றத்துக்கு 1 முதல் 4 வரை தரம் போடுவார்கள். ஜிஎல்-5-க்கான சோதனை 121 டிகிரியில் நடக்கிறது, அதில் 3 வரை அனுமதி. 3 என்றால் நன்றாகக் கறுத்த நிலை. அந்த அனுமதியை முழுக்கப் பயன்படுத்தும் ஆயிலும் சந்தையில் இருக்கும், 1-இல் நிற்கும் நல்ல ஆயிலும் இருக்கும். ஆயிலின் டேட்டா ஷீட்டில் 1ஏ அல்லது 1பி என்று போட்டிருந்தால் அரிப்பு பற்றிப் பயமில்லை. ஆனால் அரிக்காது என்பதற்காக சிங்க்ரோவுக்குப் பிடிப்பு கிடைத்துவிடும் என்று ஆகாது. அது தனிக் கணக்கு. இதுவரை ஓடியதில் ரிங் கெட்டிருக்காது என்பது என் கணிப்பு. மாற்றுங்கள், பதற வேண்டாம்.

---

ப்ளக்17

மாற்றும் முறை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

அளவு: கியர்பாக்ஸ் சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் சுமார் 0.8 லிட்டர். ஆக்ஸில் முன்பக்கம் 2.0, பின்பக்கம் 1.5. ஆக, ஜிஎல்-4 இரண்டரை லிட்டர் வாங்கினால் தாராளம். ஆனால் லிட்டர் கணக்கை நம்பி ஊற்றி மூட வேண்டாம். வண்டி சமமாக நிற்கும்போது ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்பதுதான் சரியான அளவு.

15, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு இறக்குங்கள். 140 ஆயில் குளிர்ந்திருந்தால் பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சரிவில் வேண்டாம், முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கியும் வேண்டாம். இரண்டிலும் அளவு தவறும். ஜிப்ஸிக்குத் தரை இடைவெளி போதும், அப்படியே அடியில் படுத்து வேலை பார்க்கலாம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் லிவர் நியூட்ரலில் இருந்தால் வண்டியைக் கியரில் விட்டிருப்பது எதையும் பிடிக்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் ப்ளக்கைக் கழற்றுங்கள். அது கழன்ற பிறகே கீழே டிரெயின் ப்ளக். வரிசை மாறினால், ஆயிலை இறக்கிவிட்ட பிறகு ஃபில்லர் ப்ளக் துருப்பிடித்துத் திரும்ப மறுக்கும். காலியான கியர்பாக்ஸோடு வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். இறுகியிருந்தால் முந்தைய நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். ப்ளக்கின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சாவி மட்டும் போடுங்கள். கூடு அலுமினியம். மரை போனால் செலவு ஆயிலோடு நிற்காது.

அரை மணி நேரம் வடிய விடுங்கள். வடிந்த ஆயிலை வெயிலில் பாருங்கள். பொன்னிறத் தூள் லேசாக மினுங்கினால் அது ரிங்கின் வழக்கமான தேய்மானம். தகடு தகடாகப் பித்தளை வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. விரலில் நெருடும் எஃகுத் துணுக்கு என்றால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, ஆயில் மாற்றிப் பயனில்லை. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். ஆற்றில் இறங்கி ஏறும் ஜிப்ஸிகளில் இது சகஜம், பெட்டிக்குக் காற்றுப் போய்வரும் பிரீதர் வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ப்ளக்கைத் துடைத்து, வாஷர் வகையாக இருந்தால் புது வாஷர் போட்டு, கூம்பு மரையாக இருந்தால் சீலண்ட் தடவி மூடுங்கள். கை பம்பு அல்லது நீளக் குழாய் வைத்த புனலால் மெதுவாக ஊற்றுங்கள். துளையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்து மூடுங்கள். அதிகமாக நிரப்பினால் ஆயில் சீல் வழியாகக் கிளட்ச் பிளேட்டுக்குப் போய்ச் சேரும்.

மண்ணெண்ணெய், டீசல் எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். அது பேரிங்கின் மூலைகளில் தங்கிப் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். அடியில் படிந்த கசடையும் கிளப்பிப் பேரிங்குக்குள் அனுப்பும். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஆயில் போக வேண்டுமானால் முதலில் விலை குறைந்த மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி இறக்கிவிட்டு, பிறகு சிந்தெட்டிக் ஊற்றுங்கள். இரண்டு முறை மாற்றினால் பழையது பெயரளவுக்குத்தான் மிஞ்சும்.

---

கோத்தகிரிஜிப்ஸி

எல்லோருக்கும் நன்றி. ரிவர்ஸ் சோதனை செய்தேன், சத்தமில்லாமல் விழுகிறது. இறக்கிய ஆயிலில் பொன்னிறத் தூள் லேசாக மட்டும், துணுக்கு எதுவும் இல்லை. இப்போது மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-4 உள்ளே இருக்கிறது. குளிரில் விழ மறுப்பது மிகவும் குறைந்துவிட்டது, இறக்கும்போது வரும் சத்தம் எப்போதாவதுதான்.

அடுத்து சிந்தெட்டிக் வாங்கப் போனால், கடையில் இருப்பதில் பாதிக்கு மேல் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டும் போட்டிருக்கிறது. இதை நம்பலாமா? "எல்எஸ்" என்று எழுதிய ஒன்றும் இருந்தது. பென்ஸ் கியர்பாக்ஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) ஊற்றுகிறார்களே, அப்படி மெல்லிய ஆயில் ஊற்றினால் குளிரில் இன்னும் நன்றாக இருக்காதா?

---

பல்சக்கரம்

எல்எஸ் வேண்டாம். அது லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியலுக்கானது. அதிலிருக்கும் கிளட்ச் தட்டுகள் அதிராமல் வழுக்குவதற்காகவே தனியாக உராய்வு குறைக்கும் சேர்மம் கலந்திருப்பார்கள். சிங்க்ரோவுக்கு நேர் எதிரான தேவை அது.

இரட்டை முத்திரை பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜிஎல்-5-இன் பல் பாதுகாப்பைக் காட்டிவிட்டதால் ஜிஎல்-4-ஐயும் தாண்டிவிட்டது என்ற கணக்கில் இரண்டையும் அச்சிடுபவர்கள் உண்டு. ஜிஎல்-4 அளவுகோல் பற்களைக் காப்பதைப் பற்றியது. சிங்க்ரோவின் பிடிப்பை அது அளப்பதே இல்லை. ஆகவே முத்திரையை விட்டுவிட்டு டேட்டா ஷீட்டைப் படியுங்கள். சிங்க்ரோ உள்ள மேனுவல் கியர்பாக்ஸுக்கு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, டி130 முடிவு 1-இல் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டுல் கியர் 300, 75டபிள்யூ-90 இரட்டைத் தரம் சொல்லும் எஸ்டர் ஆயில், பலர் கியர்பாக்ஸில் பயன்படுத்துகிறார்கள். ரெட்லைன் எம்டி-90 ஜிஎல்-4 மட்டுமே, சிங்க்ரோவுக்கென்றே வடித்தது, ஆனால் விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. இரண்டும் கையில் இருந்தால் ஜிஎல்-4 மட்டும் போட்டதை எடுப்பேன். எதுவும் கிடைக்காவிட்டால் இப்போது ஊற்றியிருக்கும் மினரல் ஜிஎல்-4-ஐயே தொடருங்கள். சரியான மினரல் ஆயில், தவறான சிந்தெட்டிக்கைவிட எப்போதும் மேல்.

ஏடிஎஃப், இன்ஜின் ஆயில் விஷயம் வண்டிக்கு வண்டி மாறும். டபிள்யூ124 பென்ஸின் மேனுவல் கியர்பாக்ஸ் ஏடிஎஃப்-ஐ வைத்தே வடிவமைத்தது. அதில் 90 ஊற்றினால் குளிரில் கியர் விழாது. 1998-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டிக்கு ஹோண்டாவின் எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்), அது கிடைக்காத இடத்தில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில். பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50-தான் கியர்பாக்ஸுக்கும். அந்தப் பெட்டிகளின் பேரிங் இடைவெளி, ரிங்கின் வரி, பல்லின் சுமை எல்லாம் அந்த ஆயிலுக்கென்று கணக்கிட்டவை. ஜிப்ஸியில் ஏடிஎஃப் ஊற்றினால் கியர் வெண்ணெயாக விழும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 100 டிகிரியில் ஏடிஎஃப் 7 சென்டிஸ்டோக்ஸை ஒட்டித்தான் இருக்கும், 90 ஆயில் குறைந்தது 13.5. மலையில் இரண்டாவது கியரில் நெடுநேரம் இழுக்கும்போது அந்த மெல்லிய படலம் பல்லைக் காக்காது. ஏற்கெனவே பேரிங் தேய்ந்த பெட்டியில் சத்தமும் கூடும்.

இன்ஜின் ஆயில் 40, கியர் ஆயில் 90 என்றதும் பின்னது இரு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். எஸ்ஏஇ (ஆயில் எண்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பு) வெளியிடும் இரண்டு தனித்தனி அட்டவணைகள் அவை. 100 டிகிரியில் இன்ஜின் ஆயில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, கியர் ஆயில் 90 என்பது 13.5 முதல் 18.5 வரை. கிட்டத்தட்ட ஒரே தடிமன். இன்ஜின் ஆயிலில் இல்லாதது கியர் ஆயிலில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள். அதனால்தான் உங்கள் பெட்டிக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

---

கிளட்ச்கேபிள்

எப்போதாவது மிச்சமிருக்கும் அந்தச் சத்தம் இரண்டாவது ஆயில் மாற்றத்துக்குப் பிறகும் 1000 கிலோமீட்டர் தாண்டித் தொடர்ந்தால், அது மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். மலை வண்டிகளில் இரண்டாவது கியரின் ரிங்தான் முதலில் தேயும், அதுதான் அதிக வேலை செய்கிறது. ஒரே கியரில் மட்டும் கரகரத்தால் ரிங். எல்லாக் கியரிலும் என்றால் கிளட்சோ ஆயிலோ. கியர் விழுந்த பிறகு தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் ஸ்லீவின் பல் முனையோ அதை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. அதற்கு எந்த ஆயிலும் மருந்தில்லை. லிவர் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் தொளதொளவென்று ஆடினால் பெட்டியை இறக்க வேண்டாம், லிவரின் அடியில் இருக்கும் புஷ்ஷையும் சீட்டையும் மேலிருந்தே மாற்றிவிடலாம்.

இரண்டாம் முறை மாற்றும்போது டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டுவிட வேண்டாம். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் சின்ன ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடு தனியாகத் தொங்குகிறது, ஆயிலும் தனி. கியர்பாக்ஸை நிரப்பினால் அதற்கும் போய்ச் சேரும் என்று நினைத்து வறண்டு ஓடவிட்ட வண்டிகள் உண்டு. கியர்பாக்ஸின் பின் சீலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சீல்களும் கசிகிறதா என்று துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 140 ஊற்றியபோது கசியாமல் நின்ற சீல், சிந்தெட்டிக் 75டபிள்யூ-90 ஊற்றியதும் ஈரமாகலாம். அப்படியானால் திரும்பக் கெட்டி ஆயிலுக்குப் போகாமல் சீலை மாற்றுங்கள். ஆக்ஸில்களில் இருக்கும் 140 ஜிஎல்-5 அவசரமில்லை, அடுத்த முறை இறக்கும்போது 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றிக்கொள்ளலாம்.